அத்தா மாதிரியே ஒருத்தர்

திருச்சி விமான நிலையத்தில் அப்போதெல்லாம் வரவேற்க வந்தவர்கள் ஓர் இரும்புத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அந்தத் தடுப்பு என் நெற்றி உயரம் இருந்தது. கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றேன். துருவின் வாசனை, பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவின் மல்லிகைப் பூ வாசனை, எல்லாருடைய வியர்வையும்.

கொழும்பு வழியாக வரும் விமானத்தில் என் அத்தா வருகிறார். எங்கள் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரை அழைத்துவர வாடகைக் காரில் நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். அம்மா, அத்தாவின் தம்பியான எங்கள் சச்சா, சச்சாவின் மகள் ஜீனத், நான். ஜீனத் என்னைவிடச் சின்னவள். நான் அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ.

கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெட்டிகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சாமான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் தடுப்புக்கு மேலே கையை நீட்டி ஜீனத்தைத் தூக்கிக்கொண்டார்.

"எம்புள்ள! எம்புட்டு வளந்துட்டா!" என்று அவள் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தார்.

ஜீனத் நல்ல வளர்ப்பு. பெரியவர்கள் ஏதாவது சொன்னால் மறுத்துப் பேச மாட்டாள். எல்லா முத்தங்களையும் வாங்கிக்கொண்டாள்.

அம்மாதான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, அது ஜீனத்துங்க. பானு இந்தா நிக்கிறா."

அவர் ஜீனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஜீனத்தைப் பார்த்தார். நான் கம்பிக்கு நடுவிலிருந்து மூக்கை எடுக்காமல் அவரைப் பார்த்தேன். இவர் என் அத்தா இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

சாதாரணமாகக் குழந்தைகள் இந்த மாதிரி நேரத்தில் அழும், கோபித்துக்கொள்ளும். நான் இரண்டும் செய்யவில்லை. எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. வானத்திலிருந்து வந்தவர்கள் அத்தாவைப் பிடித்துக்கொண்டு, அவர் மாதிரியே ஒருத்தரைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சினிமா. அந்த சினிமாவை வீட்டுக்கு அனுப்பிவைத்தவரும் அத்தாதான்.

காலை மடக்கி உட்கார்ந்து பார்த்த படம்

அத்தா சவூதியில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சமயத்தில் மூன்று வருஷம்கூட ஆகும், லீவில் வருவார். நடுவில், ஊருக்கு வருகிற யார் கையிலாவது சாமான் கொடுத்தனுப்புவார். சோப்பு, தைலம், ஆரஞ்சுப் பவுடர், பிஸ்கட் டின், ஒரு தடவை முரட்டுக் கம்பளி. திருச்சி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அது இன்னும் நான் இப்போது இருக்கும் காட்டூர் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஒரு நாள்கூடப் போர்த்தியதில்லை.

அப்படி வந்த சாமான்களில் ஒரு வீடியோ கேசட்டும் இருந்தது. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவில் "நல்ல படம்" என்று தமிழில் எழுதியிருந்தது. அத்தாவோடு ரூமில் தங்கியிருந்த யாரோ டி.வி.யிலிருந்து பதிவு செய்துகொடுத்தது. போன லீவில் அத்தா கொண்டுவந்த வீடியோ டெக் எங்கள் பாலக்கரை வீட்டில் பூப்போட்ட துணி மூடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அம்மா துணியை எடுத்தார், கேசட்டைப் போட்டார்.

படம் இங்கிலீஷ். அதில் வெளிநாட்டில் ஒரு சின்ன ஊர். ஒரு நாள் வானத்திலிருந்து பச்சை வெளிச்சம் ஒன்று ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுகிறது. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக மாறிப்போகிறார்கள். அதே முகம், அதே சட்டை, ஆனால் ஆள் வேறு. நிஜ ஆள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. இதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் பயப்படுவதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

திரைக்குக் கீழே அரபியில் எழுத்து ஓடியது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அரபி எழுத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்தது குர்ஆனில் மட்டும்தான். தினமும் சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு பள்ளிவாசல் அஜரத்திடம் ஓதப் போவோம். எழுத்துக் கூட்டி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. அந்த எழுத்து எங்கே இருந்தாலும் மரியாதை கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். டி.வி.யில் அது ஓட ஆரம்பித்ததும் ஜீனத் நீட்டியிருந்த காலை மடக்கினாள். நான் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அம்மாவும் எங்களைத் தடுக்கவில்லை. "எதுக்கும் காலை மடக்கியே உக்காருங்க. என்ன எழுதியிருக்கோ என்னவோ."

நான் சத்தமாக வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எங்கள் கிதாபில் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் ஜேர், ஜபர் என்று குட்டிக் கோடுகள் இருக்கும், அதை வைத்துத்தான் உச்சரிப்போம். இதில் கோடே இல்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, மார்க்கம் படித்த பெரிய பெரிய ஆலிம்களுக்குக் கோடு இல்லாமலே ஓத வரும் என்றார். அப்படியானால் இது பெரிய ஆலிம்களுக்கு உண்டான சமாசாரம். அந்த எழுத்தில் பொய் எழுத மாட்டார்கள். ஆகவே படத்தில் நடப்பதெல்லாம் சத்தியம்.

உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் வேற்றுக்கிரகப் படம் பார்த்துப் பயந்திருப்பார்கள். முக்காடு போட்டுக்கொண்டு பயபக்தியோடு பார்த்துப் பயந்தது நானும் ஜீனத்துமாகத்தான் இருப்போம்.

அந்த வாரத்திலிருந்து நான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். தெருக்கோடியில் பள்ளிவாசல் மினாராவில் பச்சை ட்யூப் லைட் எரியும். பிறந்ததிலிருந்து பார்த்த லைட். அதைப் பார்த்து ஒரு சாயங்காலம் நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அஜரத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். தண்ணீர் என்றதும் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

பெருமாள் எழுந்துகொள்ள நேரமாகுமா?

என் பயத்தைப் புரிந்துகொண்டது ஒரே ஒருத்திதான். கோதை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் ஸ்கூலுக்கு வருவாள். அவள் வீட்டில் டெக் கிடையாது. அதனால் லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

கோதைக்கு இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவம் ஜாஸ்தி. அவள் மாமா ஒருத்தர் சினிமாப் பைத்தியம். டவுன் தியேட்டர்களில் காலைக்காட்சியாகப் போடும் பழைய இங்கிலீஷ் படங்களுக்கெல்லாம் அவளைக் கூட்டிப்போவார். தட்டு மாதிரி பறக்கும் கப்பல், ஒற்றைக்கண் ஜந்து, ஊரையே மூடும் நிழல் என்று எல்லாவற்றையும் தியேட்டரில் முறுக்கு தின்றுகொண்டே பார்த்தவள் அவள்.

அவளுடைய பயம் வேறு மாதிரி. "நன்னா யோசிச்சுப் பாரு பானு. எந்தப் படமா இருந்தாலும் அவா மொதல்ல அடிக்கறது ஊர்லயே உசரமான கட்டடத்தைத்தான். நம்ம ஊர்ல உசரம் எது? எங்க ராஜகோபுரம். எங்காத்து மாடிலேர்ந்து பார்த்தா இதோ இப்படி இருக்கு."

"ஒங்க சாமி பாத்துக்க மாட்டாரா?"

கோதை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தீவிரமாக யோசித்தாள். "பாத்துப்பார். ஆனா பெருமாள் படுத்துண்டு இருக்காரோன்னோ. எழுந்துக்க நேரம் ஆகுமோ என்னவோ. அதான் கவலை."

எனக்கும் அது நியாயமான கவலையாகத்தான் பட்டது. வருகிறவர்கள் மலைக்கோட்டையை முதலில் பார்த்தால் ஸ்ரீரங்கம் தப்பிக்கும் என்று ஆறுதல் சொன்னேன். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் பாலக்கரை இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

போன மாதம் என் மகன் மொபைலில் ஏதோ ஒரு பழைய படையெடுப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட நூல்கூடத் தெரிந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குப் பயமாகவே இல்லையாம். எனக்கென்னவோ அந்த நூலைப் பார்த்த பிறகும் லேசாகக் கால் மடங்கியது.

தட்டைத் தானே கழுவினார்

மறுபடி அத்தாவுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த அந்த ஆளை நான் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

படத்தில் மாறிப்போனவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும். தங்கள் வீட்டையே புதிதாகப் பார்ப்பார்கள். சுவரைத் தொடுவார்கள், ஜன்னலைத் தடவுவார்கள். ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வார்கள். இவரும் அப்படியே. வந்த அன்றைக்கு ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். லைட் சுவிட்ச் எது, ஃபேன் சுவிட்ச் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டுப் போட்டு அணைத்தார். தண்ணீர் வேண்டுமென்றால், "ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமா?" என்று விருந்தாளி மாதிரி கேட்டார்.

சாப்பிட்டதும் எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் தெருவில் எந்த ஆம்பளையும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? அவர் சட்டையைத் தானே மடித்து வைத்தார், பால் இல்லாத டீயைக் குடித்தார், பட்டப்பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். அறை முழுக்க அத்தர் வாசனை அடித்தது. பழைய அத்தாவின் வாசனை எது என்று நினைத்துப் பார்த்தேன், எனக்கு நினைவு வரவில்லை.

அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எனக்கென்று வெள்ளை ஷூ கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிக்கொள்ளாததால் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எடுத்துப் போட்டுப் பார்த்தேன், குதிகால் உள்ளே போகவில்லை. அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவருக்கு லீவு இரண்டு மாதம். அதில் பாதி இப்படியே கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பானு சாப்பிட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்பார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வி கிடைக்கவில்லை

விஷயத்தை ஆராய ஒரு சனிக்கிழமை கோதை வந்தாள். அவளிடம் இரண்டு சோதனைகள் இருந்தன.

முதல் சோதனை, வலி. மாறிப்போனவர்களுக்கு வலிக்காது. அத்தா தூங்கும்போது கோதை தன் ஹேர்பின்னால் அவர் உள்ளங்காலில் குத்தினாள். அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஊஹூம். அந்தப் பாதம் காய்த்துப்போய் மரக்கட்டையாக இருந்தது. வெயிலில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி ஏ.சி. மாட்டுகிற காலுக்கு ஹேர்பின் எந்த மூலைக்கு என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. இருவரும் வெலவெலத்து வெளியே ஓடிவந்தோம்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் கோதை. "உங்கப்பாவுக்கும் நோக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேளு. சரியா சொன்னா நெஜம். முழிச்சா டூப்பு."

நல்ல யோசனைதான். என்ன கேட்கலாம் என்று தொட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்து யோசித்தேன். எனக்கும் அத்தாவுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. நாங்கள் போன இடம், பேசிய பேச்சு, உடைத்த சாமான், ஏதாவது ஒன்று. எவ்வளவு யோசித்தும் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குப் பிடித்த குழம்பு எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்பதென்றால் விடை முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

"ஒண்ணுமேவா இல்லை?" என்றாள் கோதை. அவள் அப்பா தினமும் அவளை பஸ் ஸ்டாப்பில் ஏற்றிவிடுகிறவர். அவளிடம் நூறு கேள்வி இருக்கும்.

கடைசியில் சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ம்மா, இவங்க நெசமாவே அத்தாதானா?"

அம்மா முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் கத்தியைக் கீழே வைத்தார். ஏன் கேட்கிறாய் என்று கேட்டார். பச்சை வெளிச்சத்திலிருந்து ஜீனத்தைத் தூக்கியது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவ போட்டிருந்த கவுனு யாரோடது? ஒனக்குன்னு அத்தா அனுப்புனது. ஒனக்குப் பத்தலன்னு நான்தான் ஜீனத்துக்குக் குடுத்தேன். தன் கையால வாங்குன கவுனப் பாத்துத் தூக்கிட்டாரு. மூஞ்சியையா பாத்தாரு மனுஷன்?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று நான் நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்ன சொல்லி என்ன. ஒவ்வொரு தடவ வர்றப்பவும் மொத ரெண்டு நாளு எனக்கே யாரோ மாதிரிதான் இருக்கும்" என்றார்.

என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை அம்மா அதற்கு முன்பு பேசியதில்லை, அதற்குப் பின்பும் பேசவில்லை.

வேலை செய்யுற எடத்து அரபி

அம்மா அத்தாவிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அன்று மதியமே அவர் கூடத்துக்கு வந்து, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தைப் போடு, நானும் பாக்குறேன். குடுத்துவிட்டேனே தவிர, நான் பாத்ததில்ல."

கோதை கேசட்டைப் போட்டாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் காலை மடக்கினேன். அத்தா அதைக் கவனித்தார். எதுவும் கேட்காமல் தானும் காலை மடக்கிக்கொண்டார்.

எழுத்து ஓட ஆரம்பித்ததும், "மாமா, உங்களுக்கு இது புரியுமா?" என்று கோதை கேட்டாள்.

"எல்லாம் புரியாது. வேலை செய்யுற எடத்துல பேசுற அரபிதான் நமக்கு வரும். பாப்போம்" என்று அவர் திரைக்குக் கிட்டே போய் எழுத்துக் கூட்டினார். "சீக்கிரம்... நாளைக்கு வா... முதலாளி எங்க... தண்ணி இல்ல... வேலை முடிஞ்சிருச்சா..."

படத்தில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியோடு ஓடினார். "சீக்கிரம், சீக்கிரம், நாளைக்கு" என்றார் அத்தா. ஒரு விஞ்ஞானி கறுப்புப் பலகைக்கு முன்னால் நின்று நீளமாகப் பேசினார். "சம்பளம் அடுத்த மாசம்" என்றார் அத்தா. கோதை பிஸ்கட் புரையேறிச் சிரித்தாள். ஆலிம்களுக்கு உண்டானது என்று நான் நம்பியிருந்த எழுத்தெல்லாம் ஏ.சி. ரிப்பேராக மாறிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சட்டென்று மறுபடி திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. மாறிப்போன ஒரு தகப்பன் வீட்டுக்கு வருகிறான். அவன் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவன் மண்டியிட்டு அவளிடம் ஏதோ சொல்கிறான். கீழே ஒரு வரி எழுத்து வந்தது.

அத்தா அந்த வரியைப் படிக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு அத்தா?" என்றேன். அவரை அந்த லீவில் நான் அத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியலம்மா. இந்த வார்த்தையெல்லாம் நான் வேலை செய்யுற எடத்துல வராது" என்றார்.

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவரை நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். டூப்பாகவே இருந்தாலும் பாவம் என்று தோன்றியது.

காவேரிப் பாலம்

படம் முடிந்ததும் கோதையை வீட்டில் கொண்டுபோய் விடுவதாக அத்தா சொன்னார். சச்சாவின் மொபெட்டில் மூன்று பேர். நடுவில் கோதை, பின்னால் நான், குதிகாலை மிதித்துவிட்ட வெள்ளை ஷூவோடு. அவர் மனசுக்காக அன்றைக்குத்தான் அதைப் போட்டுக்கொண்டேன்.

கோதையை உத்தர வீதியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காவேரிப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த மாதம். என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துத் தண்ணீரைக் காட்டினார். நான் காலை ஆட்டினேன். இடது கால் ஷூ கழன்று, கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்தது. கப்பல் மாதிரி கொஞ்ச தூரம் போய் முழுகிவிட்டது.

சவூதியிலிருந்து வந்த ஷூ.

அத்தா என்னை இறக்கிவிட்டார். ஒற்றை ஷூவைப் பார்த்தார். "ஒத்தைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று என் வலது கால் ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ம், போடு."

நான் வீசினேன். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தோம். பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ஸ்ரீரங்கத்துல கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிரலாம்" என்றார்.

வீட்டில் அம்மா வெறுங்காலைப் பார்த்ததும் அத்தா அந்தக் குரங்குக் கதையை ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். "ஒத்தக் காது கொரங்கு. இன்னொரு காதை எதுவோ கடிச்சிருச்சு போல. ஜோடியாத் தூக்கிக்கிட்டு மதில்ல ஏறிருச்சு" என்று கையை வீசி விளக்கினார். அம்மா, "ஓஹோ" என்றார். அவ்வளவுதான்.

மிச்சமிருந்த லீவு ஓடிப்போய்விட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவரிடம் ஒப்பந்தம் போட்டேன். அடுத்த தடவை வரும்போது வாசலிலேயே நிறுத்தி, எந்தக் கால் ஷூ முதலில் விழுந்தது என்று கேட்பேன். சரியாகச் சொன்னால்தான் உள்ளே விடுவேன்.

"சரி. அப்ப நானும் ஒண்ணு கேப்பேன்" என்றார். "நீ மட்டும் மாற மாட்டியா? கொரங்குக்கு என்ன அடையாளம்னு கேப்பேன்."

வாசலில்

அந்தத் தடவை அவர் வர ரொம்ப நாளாகிவிட்டது. கம்பெனி மாறியது, விசா மாறியது, என்னென்னவோ. நான் தாவணியைப் பின் குத்திக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டேன். பச்சை வெளிச்சம், கேசட் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. தொட்டியில் நானே தண்ணீர் மொண்டேன். விமானம் மெட்ராஸுக்குத்தான் கிடைத்தது என்றும், அங்கிருந்து பஸ் பிடித்து வருவதாகவும் தகவல் வந்திருந்தது. நாங்கள் யாரும் அழைக்கப் போகவில்லை.

நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். தலைமுடி பாதி போய், தாடியில் நரை விழுந்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தா நின்றுகொண்டிருந்தார். நான் சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னார். ஆனால் உள்ளே வரவில்லை. என்னைத் தொடவும் இல்லை.

"வாங்கத்தா."

"கேளு" என்றார்.

"என்னத்தக் கேக்க?"

"கேக்காம எப்புடி உள்ள விடுவே?"

எனக்கு மெல்ல மெல்லத்தான் ஞாபகம் வந்தது. வந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. "எந்தக் கால் மொதல்ல?" என்றேன்.

"இடது" என்றார், கேள்வி முடிவதற்குள். இத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "இப்ப நீ சொல்லு. கொரங்குக்கு என்ன அடையாளம்?"

நான் முழித்தேன். குரங்கு என்பது ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. வாலா, கண்ணா, கழுத்தில் கயிறா? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கண்கள். சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கையோடு நின்றார்.

"மறந்து போச்சுத்தா."

அவர் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. பிறகு சிரித்துவிட்டார். "மறந்துட்டீன்னா நீ எம்மவதான். பாடம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குதுன்னு ஒங்கம்மா ஒவ்வொரு கடுதாசிலயும் எழுதுவா."

"ஒத்தக் காது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். நானும் அத்தாவும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

"அந்த ஷூ ஒங்காலுக்கு ஏறவே இல்லைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஏறாத ஷூவத் தொலச்சுட்டு வந்து கொரங்காம், காதாம்."

"பின்ன ஏன்ம்மா அன்னிக்கே கேக்கல?"

அம்மா அத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயும் ஒங்கத்தாவும் ஒண்ணாச் சேந்து சொன்ன மொதப் பொய்டி அது" என்றார். "அதப் போயி நான் கெடுப்பேனா?"